தாஜுதீனின் குரல் வந்து சேரும் நேரம்

பத்துக்கண்ணு ஊருக்கு அந்தப் பக்கம், செந்தாமரை கார்டனில் மனை எண் பதினேழில் வீடு கட்டிக் குடிபோன நாற்பத்தோராம் நாள், தாஜுதீன் மாலை ஏழு பத்துக்கு வீட்டுக்கு வந்தான். அவனுடைய குரல் ஏழு முப்பத்தைந்துக்கு வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்று ஏதோ சொன்னான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. குழம்பு கொதிக்கும் சத்தத்தில் தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்த கனீஸ் பாத்திமா, அடுப்பை அணைத்துவிட்டு வந்து என்ன என்று கேட்டாள். மறுபடியும் உதடுதான் அசைந்தது. அவன் தொண்டையைத் தடவிப் பார்த்தான், ஒரு செம்புத் தண்ணீர் குடித்தான், பயத்தை மறைக்க ஏழு வயது மகள் ஸமீஹாவைப் பார்த்துச் சிரித்தான். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்ன இருமல் வந்தது. "அரும்பார்த்தபுரத்துல ஒரே டிராபிக்" என்றான். அந்தக் குரலில் லேசாக டீசல் வாடை அடித்தது.

அந்த வீடு கனீஸ் பாத்திமா கேட்டு வாங்கிய வீடு. அதற்கு முன்னால் அவர்கள் டவுனில் காஜியார் வீதியில் தாஜுதீனின் பூர்வீக வீட்டில் இருந்தார்கள். மூன்று அண்ணன் தம்பிகளின் குடும்பம், பதினோரு பேர், ஒரே குளியலறை. காலை ஐந்தே முக்காலுக்கு வாளியை வைத்து இடம் பிடிக்க வேண்டும். மற்றபடி குறை சொல்ல எதுவும் இல்லை. தாஜுதீன் கவுன்டரில் நின்ற பெயின்ட் கடை காந்தி வீதியில் இருந்தது, நடந்தால் ஒன்பது நிமிடம். அவள் பில் போட்டுக்கொண்டிருந்த மருந்துக் கடை ஏழு நிமிடம். பெரிய மார்க்கெட், பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கடற்கரை எல்லாமே செருப்பை மாட்டினால் போய்விடும் தூரம்தான். ஆனால் கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட வெளியே யாராவது கதவைத் தட்டாமல் குளித்து முடித்ததில்லை. கொழுந்தன் ஆசிப் இவர்களுடைய பாகத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோது, தனி வீடு, தனிக் குளியலறை என்று பிடிவாதமாக நின்றது அவள்தான். டவுனுக்குள் அது நடக்கிற காரியமாக இல்லை. கிடைத்த மனை கடையிலிருந்து பதினாறு கிலோமீட்டர். பதினாறு கிலோமீட்டரெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு தூரமா என்று மனை விற்றவர் கேட்டார். இல்லை என்று அவள்தான் பதில் சொன்னாள்.

முதல் வாரம் தொண்டை கட்டியிருக்கிறது என்று பாலில் மஞ்சள்தூளும் மிளகும் போட்டுக் கொடுத்தாள். காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்றார். அவர் பார்த்தது பகல் பதினொன்றரைக்கு. அதற்குள் குரல் டவுனுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஏனென்றால் காலையிலும் இதே கதைதான். தாஜுதீன் ஒன்பது மணிக்குக் கடையில் இருப்பான், குரல் ஒன்பதரைக்குத்தான் வரும். அதுவரை பெயின்டர்கள் கேட்கும் நிறத்தை ஷேடு கார்டில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருப்பான். முதலாளி பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுப் பிள்ளை, நிதானமான மனிதர். குரல் வரும்வரை டின்களைத் துடைத்து வை என்பாரே தவிர முகம் சுளிக்க மாட்டார். வழியில் மூலக்குளம் சிக்னலில் பூ விற்கும் ஆயம்மாதான் விஷயத்தைத் தெளிவாக்கினாள். தினமும் சாயங்காலம் ஆள் இல்லாமல் ஒரு குரல் மட்டும் "கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி விடுங்க" என்று கூட்டத்துக்குள் போவதைக் கேட்பதாகச் சொன்னாள். பைக் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து வந்துவிடுகிறது. குரல் காஜியார் வீதியில் பிறந்து வளர்ந்தது, ஒன்பது நிமிடத்துக்கு மேல் நடந்து பழகாதது. அது சிக்னலில் நின்று, ஓரமாக ஒதுங்கி, தன் வேகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

வழியில் மேம்பால வேலை நடந்த வருஷம் தாமதம் ஒரு மணி நேரமானது. அடுத்த வருஷம் ஒன்றரை மணி நேரம். குரல் வரும்போது ஸமீஹா தூங்கியிருப்பாள். அவள் அப்பாவிடம் கையால் பேசப் பழகிக்கொண்டாள். சோறு வேண்டுமா, பென்சில் சீவித் தா, விளக்கை அணை எல்லாவற்றுக்கும் ஒரு சைகை இருந்தது. பிறகு எல்லாரிடமும் அப்படியே பேச ஆரம்பித்தாள். பிள்ளைக்கு வாய் பேச வருமா என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாஜுதீனும் அவன் குரலும் நாள் முழுக்க ஒன்றாக வீட்டில் இருக்கும். மற்ற நாட்களில் கனீஸ் பாத்திமா மதியம் மூன்றரைக்குக் கடைக்குப் போன் செய்வாள். போனில் அவன் நன்றாகப் பேசினான். அந்தப் பத்து நிமிடத்தில்தான் அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள்.

அவளுடைய நாட்களும் பதினாறு கிலோமீட்டரில் சிக்கிக்கொண்டிருந்தன. பஸ் காலை பத்துக்கு ஒன்று, மதியம் ஒரு மணிக்கு ஒன்று. மருந்துக் கடை வேலையை மூன்றாம் மாதமே விட்டுவிட்டாள். தீப்பெட்டி தீர்ந்தால்கூட பத்துக்கண்ணு வரை நடக்க வேண்டும். பக்கத்து ஊர் பாக்கியலட்சுமி, இந்த மனைகளெல்லாம் நெல் வயலாக இருந்த காலத்தில் இங்கே நாற்று நட்டவள், இப்போது இரண்டு மாடு வைத்து வீடுவீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தவள், அவள்தான் யோசனை சொன்னாள். கார் வாங்குங்கள், நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு ஓட்டினால் குரல் எப்படி இறங்கிப் போகும் என்று கேட்டாள். அது நியாயமாகப் பட்டது. பழைய வெள்ளை ஆல்டோ ஒன்று வாங்கினார்கள். முதல் நாள் மாலை தாஜுதீன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வியர்வையில் நனைந்து வந்து இறங்கி, "ஸமீஹா" என்று கூப்பிட்டான். பிள்ளை ஓடிவந்து அவன் வாயைத் தொட்டுப் பார்த்தது.

நான்கு மாதம் நன்றாகத்தான் போனது. ஆனால் டவுனில் அந்த வண்டியை வைக்க இடமில்லை. எந்தத் தெருவில் எந்தப் பக்கம் நிறுத்தினாலும் யாரோ ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். காஜியார் வீதியிலேயே, அவன் பிறந்த வீட்டு வாசலிலேயே, ஆசிப் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு மூன்றாம் நாள் வண்டியை எடுக்கச் சொன்னான். இடம் தேடிச் சுற்றியதில் கடை திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தான். நிதானமான முதலாளியும் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தார். தாஜுதீன் மறுபடி பைக்குக்கே திரும்பினான். இருக்கையில் உட்கார்ந்து வந்து சுகம் கண்டுவிட்ட குரல் முன்பைவிட மெதுவாக நடந்தது. கார் வீட்டு முன்னால் தூசி படிந்து நின்றது. வீணாக நிற்கிறதே என்று கனீஸ் பாத்திமா வில்லியனூரில் பதினைந்து நாள் டிரைவிங் படித்தாள். லைசென்ஸும் வந்தது. ஆனால் செந்தாமரை கார்டனின் காலி மனைகளுக்கு நடுவே இரண்டாம் கியரில் சுற்றியதோடு சரி. மெயின் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்த அன்று வண்டியை நடுரோட்டிலேயே அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பாக்கியலட்சுமியின் புருஷன் சக்கரபாணிதான் அதைத் தள்ளிக்கொண்டுவந்து விட்டான்.

கார்த்திகை மாத ஞாயிறு ஒன்றில் சண்டை வந்தது. முல்லா வீதியில் இரண்டு அறை வாடகைக்கு வருகிறது, திரும்பிப் போய்விடலாம் என்று தாஜுதீன் சொன்னான். குளியலறை பொதுவா என்று அவள் கேட்டாள். பொதுதான் என்றான். அவள் துணி மடிக்க ஆரம்பித்தாள். வாரம் முழுக்கப் பேசாமல் சேர்த்து வைத்திருந்த மனிதன், அன்று மெதுவாகத்தான் சொன்னான்.

"நீ கேட்ட ஊடு பாத்திமா இது. எனக்கு இதுல பாதி நாளு வாயே இல்ல."

மறுநாள் திங்கள்கிழமை மதியம் மூன்றரைக்கு அவள் போன் செய்யவில்லை.

அன்று இரண்டு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணிக்குச் செந்தாமரை கார்டனின் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். மழை நாளில் கடையைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள், ஆறரைக்கெல்லாம் அவன் வந்துவிட வேண்டும், வரவில்லை. மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பான் என்று நினைத்தாள். ஏழு மணிக்குப் போன் செய்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பதிவு செய்த குரல் சொன்னது. ஏழேகாலுக்கு வாசலில் அவன் குரல் கேட்டது.

"பாத்திமா. கதவத் தொற."

அவள் ஓடிப்போய்த் திறந்தாள். வெளிக் கேட் மூடியே இருந்தது. பைக் இல்லை, ஆள் இல்லை. இந்த இரண்டரை வருஷத்தில் குரல் முன்னால் வந்ததே கிடையாது. குரல் அவள் காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கியபடி சொன்னது: "நான் வந்துட்டேன். ஆளு வரல."

எங்கே என்று கேட்டாள். குரலுக்குத் தெரியவில்லை. அது எப்போதும்போல மெயின் ரோட்டில் வந்தது, ஆள் வழியில் எங்கும் தென்படவில்லை. ஆனால் உடம்புக்கு நேர்வது அதற்குத் தெரிந்தது. குளிர்கிறது என்றது. இடது கால் மேல் ஏதோ கனமாகக் கிடக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை என்றது. சுற்றி என்ன இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். இருட்டு, மூக்கு வரை புல், பக்கத்தில் எங்கேயோ மதகிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் என்றது. அது போதுமாக இருந்தது. அரும்பார்த்தபுரத்துக் கூட்டத்துக்குப் பயந்து அவன் சில நாட்கள் ஊசுடு ஏரிக்கரை வழியாக வருவான். மழைக்காலத்தில் அந்த வழி வேண்டாம் என்று அவள் பலமுறை சொல்லியிருந்தாள், போனில், மூன்றரை மணிக்கு.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். வில்லியனூர் சாலையில் முழங்கால் தண்ணீர், சுற்றி வரவேண்டும், நேரமாகும் என்றார்கள். ஆசிப் போனை எடுக்கவில்லை. கூப்பிட்டதும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பாக்கியலட்சுமி வந்து ஸமீஹாவைக் கையில் பிடித்துக்கொண்டாள். சக்கரபாணி டவுனில் வாட்ச்மேன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பக்கத்தில் நான்கு சக்கரத்தோடு இருந்தது மனை எண் பதினேழின் முன்னால் நின்ற ஆல்டோ ஒன்றுதான்.

"உன்னால ஓட்ட முடியுமாம்மா?" என்று பாக்கியலட்சுமி கேட்டாள்.

கனீஸ் பாத்திமா இடப்பக்கக் கதவைத் திறந்து, குரல் ஏறும்வரை நின்று, சாத்தினாள். பிறகு சுற்றி வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தாள்.

முதல் தடவை வண்டி குதித்து நின்றுவிட்டது. இரண்டாம் தடவையும் நின்றது. "கிளட்ச மெதுவா உடு, அவசரமில்ல" என்று பக்கத்து இருக்கையிலிருந்து குரல் சொன்னது. அதன் பல் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் தடவை வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது. உள்ளே மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்துப்போனது, துடைக்கத் துடைக்கப் பனித்தது. பக்கக் கண்ணாடியை இறக்கினால் குரல் வெளியே போய்விடும், பிறகு வழி சொல்ல யாருமில்லை என்பதால் அவள் முக்காட்டின் நுனியால் துடைத்துத் துடைத்து ஓட்டினாள். பத்துக்கண்ணு தாண்டி ஏரிக்கரையில் ஏறியபோது எதிரே ஒரு லாரி வந்தது. அவள் கால் பிரேக்கைத் தேடியது. "ஓரங்கட்டு. நிறுத்தாத. லாரிக்காரன் போயிடுவான்" என்றது குரல். லாரி அடித்த தண்ணீரில் இரண்டு நொடி எதுவும் தெரியவில்லை. பிறகு சாலை தெரிந்தது. ஒரு பக்கம் ஏரி நிறைந்து கரையை முட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் பள்ளம். குரல் இப்போது குறைவாகப் பேசியது. கால் மரத்துப்போச்சு என்றது. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணி மார்பு வரைக்கும் வந்துடுச்சு என்றது. அவள் மூன்றாம் கியர் போட்டாள்.

அவன் விழுந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. அதற்குள் அந்த வழியாக இரண்டு பைக்கும் ஒரு வேனும் அந்த லாரியும் போயிருந்தன. நான்கும் அவன் தலைக்கு மேலே பத்தடி தூரத்தில் போயின. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். கூப்பிடக் குரல் இல்லாத ஆள் பள்ளத்தில் கிடப்பது யாருக்குத் தெரியும்?

மதகுச் சத்தம் இஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்க ஆரம்பித்த இடத்தில் குரல் நிலைகொள்ளாமல் தவித்தது. வலப்பக்கக் கண்ணாடிக்கும் இடப்பக்கக் கண்ணாடிக்குமாக மோதியது. கண்ணாடியை இறக்கு என்றது. அவள் மாட்டேன் என்றாள். நீயும் போய்விட்டால் இந்த இருட்டில் நான் யாரிடம் கேட்பேன் என்று, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவனை ஒருமையில் திட்டி அழுதாள். ஆனால் கை தானாகக் கைப்பிடியைச் சுற்றியது. கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது.

"பாத்திமா, நான் இங்க" என்ற குரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

வண்டிக்குள் அவள் மட்டும் இருந்தாள். பிரேக்கை மிதித்தாள். மழைச் சத்தம், வைப்பர் சத்தம், மதகுச் சத்தம். இஞ்சினை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வலப்பக்கம், கீழே, பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

"தான் கெடக்கறேன்" என்றது.

அவள் உட்கார்ந்தே சரிந்து இறங்கினாள். பைக் அவன் காலின் மேல் கிடந்தது, தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. வீட்டில் அரிசி மூட்டையை நகர்த்தவே ஆள் தேடுகிறவள் அந்தப் பைக்கைத் தூக்கிப் புரட்டினாள். எப்படி என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. அவன் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை அவன் இடுப்பில் கட்டி, புல்லைப் பிடித்துப் பிடித்து ஏற்றி, பின் இருக்கையில் கிடத்தினாள். கண்ணாடியை இறுக்கமாக ஏற்றினாள். கதிர்காமம் பெரிய ஆஸ்பத்திரி வரை தாஜுதீன் வலியில் முனகிக்கொண்டே, லாரி வருது, பள்ளம் இருக்குது, இண்டிகேட்டர் போடு என்று சொல்லிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் பேசாமல் வாருங்கள் என்று அவள் அதட்டினாள். அவன் பேச்சை நிறுத்தினான். அரை நிமிடம்தான் ஆகியிருக்கும்.

"பேசுங்க" என்றாள். "ஏதாச்சும் பேசிக்கினே வாங்க."

அவன் ஷேடு கார்டிலிருந்த நிறங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். வெள்ளையில் மட்டும் பதினான்கு இருந்தது.

காலில் கம்பி வைத்தார்கள். ஐந்து மாதம் அவன் பைக் தொடவில்லை, அதற்கப்புறமும் தொடவில்லை. முல்லா வீதி அறைகளைப் பார்த்து வரலாம் என்று இந்த முறை கனீஸ் பாத்திமாதான் சொன்னாள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி வைத்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நினைத்த நேரம் வரை வெந்நீரில் குளித்துப் பழகியிருந்த தாஜுதீன், இருக்கட்டும், பார்க்கலாம் என்றான். அதற்குள் அந்த அறைகளுக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். மருந்துக் கடையில் அவளுக்குப் பழைய இடம் காலியாக இருந்தது. இப்போது காலை ஏழே முக்காலுக்கு இருவரும் ஆல்டோவில் கிளம்புகிறார்கள், ஓட்டுவது அவள்தான். வண்டியை ஊருக்கு வெளியே துறைமுகத்துப் பக்கம் நிறுத்திவிட்டு மீதி தூரத்தை நடக்கிறார்கள். அந்தத் தூரம் குரலுக்கும் தோதாக இருக்கிறது. ஸமீஹா வாயைத் திறந்துவிட்டாள், இப்போது அதிகம் பேசுகிறாள் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வருகிறது.

இதற்கிடையில் செந்தாமரை கார்டன் நிறைந்துவிட்டது. காலி மனைகளில் எல்லாம் வீடு எழும்பி, டவுனிலிருந்து இன்னும் இருபது குடும்பங்கள் வந்தன. ஒன்பதாம் மனை புருஷோத்தமனுக்குப் பொங்கல் கழிந்து குரல் பிந்த ஆரம்பித்தது. இருபத்து மூன்றாம் மனையில் பூர்ணிமா டீச்சருக்குக் கோடை விடுமுறை முடிந்ததும். யாரும் டாக்டரிடம் போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வரும்போது வரட்டும் என்று மற்ற வேலையைப் பார்க்கிறார்கள். மூலக்குளம் சிக்னலில் மாலை ஆறே முக்காலுக்குச் சிவப்பு விழும்போது, கனீஸ் பாத்திமா இடப்பக்கக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கிவிட்டு, செந்தாமரை கார்டன், செந்தாமரை கார்டன் என்று ஷேர் ஆட்டோக்காரரைப் போலக் கூப்பிடுகிறாள். தெரிந்த குரல்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொள்கின்றன. பின் இருக்கையில் தக்காளி விலை, பாலம் வேலை, மேனேஜரின் குணம் எல்லாம் பேசுகின்றன. தாஜுதீன் திரும்பி உட்கார்ந்து பேச்சில் கலந்துகொள்கிறான். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி அவள் ஒரு தடவை ஹாரன் அடிக்கிறாள், உள்ளே யாரோ இருமுகிறார்கள், அவள் அடுத்த வாசலுக்குப் போகிறாள். வண்டி சின்னது என்பதால் வழக்கமாக நான்கு குரலுக்கு மேல் ஏற்றுவதில்லை. மழை நாட்களில் மட்டும் நின்றிருப்பவை எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்கிறாள். தெரியாத குரலாக இருந்தாலும், எந்த நகர் என்று கேட்டு, கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாள்.